பைத்தான் டர்டில்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

நிரலாக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு, அவர்கள் பள்ளி மாணவர்களானாலும் வேலைக்குச் செல்லும் பெரியவர்களானாலும், பைத்தான் நிரல்மொழியின் டர்டில் (ஆமை) தொகுதியைக் கொண்டே பல ஆண்டுகளாகப் பாடத்தைத் தொடங்கி வருகிறேன். திரையின் நடுவே ஒரு சிறிய அம்புக்குறி நிற்கும்; அதை முன்னே நகர்த்தலாம், இடமோ வலமோ திருப்பலாம், அது போகும் வழியெங்கும் கோடு விழும். கருவி இவ்வளவுதான். இதைக் கொண்டு நிரலாக்கம் எளிதாகக் கற்பிக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும், இதனால் கணிதத்துக்குக் கிடைக்கும் பயனே பெரிது என்பதுதான் இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டது.

இந்த யோசனை பைத்தானுக்கு முந்தையது. 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் உருவாக்கிய லோகோ மொழியோடு, தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் ஆமை ரோபோவும் பின்னர் சேர்ந்தது. ஆமையின் இடத்தில் தன்னை வைத்து யோசித்துப் பார்க்கக் குழந்தையால் முடியும் என்பதே அதன் அடிப்படை. இப்போது பைத்தானுடன் சேர்ந்தே கிடைக்கும் டர்டில் தொகுதியிலும் அந்த அடிப்படை அப்படியே இருக்கிறது.

சதுரம் வரைவதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. 100 காலடி போ, 90 பாகை திரும்பு, நான்கு முறை செய் என்றால் முடிந்தது. அடுத்துச் சமபக்க முக்கோணம் வரையச் சொல்லும்போதுதான் பாடம் உண்மையில் தொடங்குகிறது. முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே தயங்காமல் 60 என்று எழுதி இயக்குகிறார்கள். திரையில் வருவதோ மூடாத உருவம், அதாவது ஓர் அறுகோணத்தின் சரிபாதி. இந்த இடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. ஒருவரை எழுந்து நின்று, முக்கோணத்தின் பக்கங்கள் வழியே நடந்து பார்க்கச் சொல்கிறேன். மூலையை அடைந்ததும் தாம் திரும்புவது உட்கோணம் அல்ல, வந்த திசையிலிருந்து விலகும் வெளிக்கோணம் என்பதும், அது 120 பாகை என்பதும் நடந்து பார்த்தவருக்கே புரிந்துவிடும். சதுரத்தில் இரண்டு கோணங்களும் 90-ஆக அமைந்துவிடுவதால்தான் முன்பு பிழை வெளியே தெரியவில்லை. ஒரு சுற்று முடித்துப் பழைய திசைக்கே வந்து நின்றால் மொத்தம் 360 பாகை திரும்பியிருக்க வேண்டும் என்பதை உணர்ந்தபின், எத்தனை பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்துக்கும் 360-ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்ற விதியை அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

எழுகோணம் வரும்போது இன்னொரு நல்ல தடங்கல் வரும். 360-ஐ 7 மீதியின்றி வகுக்காது. சிலர் கைக்கணக்கில் 51 என்று போடுகிறார்கள்; ஏழு முறை திரும்பினாலும் 357 பாகைதான் ஆகிறது, கடைசிக் கோடு தொடக்கப் புள்ளியைத் தொடாமல் விலகிப் போகிறது. விடையை நாம் கணக்கிட்டு எழுதாமல், வகுத்தலையே நிரலுக்குள் எழுதிக் கணினியிடம் விட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

பிறகு நட்சத்திரங்கள். ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு முனையிலும் 144 பாகை திரும்ப வேண்டும். மொத்தம் 720, அதாவது இரண்டு முழுச் சுற்றுகள். அப்படியானால் ஆறு முனைக்கு 720-ஐ ஆறால் வகுத்தால் போதுமே என்று முயன்றால் வருவது வெறும் முக்கோணம், அதன்மேலேயே இரண்டாம் முறையும் கோடு விழும். எட்டு முனைக்கு மூன்று சுற்று, அதாவது 135 பாகை என்றால் வருகிறது. ஆறு முனைக்கு மட்டும் எதுவும் சரிப்படுவதில்லை. முனைகளின் எண்ணிக்கைக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்கக் கூடாது என்ற முடிவுக்குப் பட்டியல் போட்டுப் பார்த்து வந்துசேர்கிறார்கள். மீப்பெரு பொது வகுத்தியைத் தேர்வுக்காக மட்டுமே படித்திருந்த ஒருவர், 6-க்கு ஏற்ற எண் 1-உம் 5-உம் மட்டுமே, இரண்டும் அறுகோணத்தையே தரும் என்று தாமே கண்டுபிடித்து அறிவிப்பதைப் பார்க்கும்போது ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் எனக்கு மிகப் பிடித்த பயிற்சி வட்டம்தான். ஓர் அடி நகர்ந்து ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால் வட்டம் போன்ற ஒன்று கிடைக்கிறது. அதன் சுற்றளவு 360 அடி என்பது வரைந்த விதத்திலேயே தெரிகிறது. பாதி வழியில், 180 அடி போனதும் ஆமையை நிறுத்தி, தொடக்கப் புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறாய் என்று ‘டிஸ்டன்ஸ்’ கட்டளையால் கேட்டால் ஏறத்தாழ 114.59 என்று வரும். அதுதான் விட்டம். 360-ஐ அந்த முழு மதிப்பால் வகுத்தால் 3.1415 என்று தொடங்கும் எண் கிடைக்கிறது. இதையே அறுகோணத்தில் செய்தால் சரியாக 3, பன்னிரு கோணத்தில் ஏறத்தாழ 3.106, 96 பக்கங்களில் 3.141. பையின் மதிப்பைக் காணும் தம் கணக்கில் ஆர்க்கிமிடீஸ் 96 பக்கம்வரைதான் போனார் என்று இந்த இடத்தில் சொன்னால், அதைத் தகவலாகக் கேட்பதில்லை, தாங்கள் செய்த வேலையை முன்பே ஒருவர் கையால் செய்திருக்கிறார் என்று வியப்போடு கேட்கிறார்கள். டர்டிலில் வட்டம் வரையத் தனிக் கட்டளையே உண்டு; அதுவும் உள்ளுக்குள் பலகோணத்தைத்தான் வரைகிறது.

நிரலாக்கத்தைப் பொறுத்தவரை, ‘ஃபார்’ லூப் (கட்டளைகளைத் திரும்பச் செய்தல்), மாறி, செயற்கூறு (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) ஆகிய மூன்றுக்கும் இது மிகப் பொருத்தமான கருவி. ஒரே இரண்டு வரியை நான்கு முறை எழுதிய அலுப்பே லூப்பின் தேவையைச் சொல்லிவிடுகிறது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்பதால், செயற்கூறுக்குச் ‘சதுரம்’ என்றும் அதன் உள்ளீட்டுக்குப் ‘பக்கம்’ என்றும் பெயர் வைக்கலாம். தொடக்க வகுப்புகளில் இது நல்ல பலன் தருகிறது. செயற்கூறு வேலையை முடித்ததும் ஆமையைப் பழைய இடத்திலும் பழைய திசையிலும் விட்டுச் செல்ல வேண்டும் என்ற ஒழுக்கத்தை முதலிலேயே வலியுறுத்துவது நல்லது. கிளை கிளையாகப் பிரியும் மரத்தை ரிகர்ஷன் (செயற்கூறு தன்னையே அழைப்பது) மூலம் வரையும்போது, இந்த ஒழுக்கம் இல்லாதவரின் மரம் ஒரே பக்கமாகச் சுருண்டு போய்விடும்.

குறைகளும் உண்டு, அவற்றில் பல தொடக்கநிலையாளரையே தாக்குபவை. கோப்புக்கு ‘டர்டில்’ என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்துச் சேமித்தால், பைத்தான் உண்மையான தொகுதியை விட்டுவிட்டு அந்தக் கோப்பையே இறக்குமதி செய்து, புரியாத பிழைச்செய்தி ஒன்றைக் காட்டும். ஏறக்குறைய ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்காவது இது நேர்கிறது. தொகுதி, சாளரங்களைக் காட்டும் டிகின்டர் என்ற நூலகத்தை நம்பி இயங்குவதால், டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஜுபிட்டர் போன்ற நிரல் எழுதும் சூழல்களில் சாளரத்தை மூடிவிட்டு மறுபடி இயக்கினால் ‘டெர்மினேட்டர்’ பிழை வரும். பைத்தானோடு வரும் ஐடில் என்ற நிரல் எழுதும் செயலியில் வேலை செய்வது நிம்மதி. வேகத்தில் 1 மிக மெது, 10 வேகம், 0 என்றால் எல்லாவற்றையும்விட வேகம் என்ற ஏற்பாடு எனக்கு இன்றுவரை பொருத்தமாகப் படவில்லை.

சதுரத்தை முடித்து ஆமை தொடக்கப் புள்ளிக்குத் திரும்பியதா என்று சமக்குறி வைத்துச் சோதிப்பதும் ஆபத்து. திரையில் 0.00 என்று காட்டினாலும், உள்ளே பூச்சியத்துக்கு மிக நெருங்கிய வேறோர் எண் இருக்கக்கூடும், லூப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பைத்தானின் ஆவணத்திலுள்ள நட்சத்திர எடுத்துக்காட்டும் இதனால்தான் தொலைவு 1-க்குக் குறைவா என்று மட்டும் பார்க்கிறது. இதைக் குறை என்பதைவிட, தசம எண்களைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்று பேசக் கிடைத்த வாய்ப்பாகவே பயன்படுத்துகிறேன்.

எங்கே நிறுத்துவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. முக்கோணத்தின் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் சிறு முக்கோணம் முளைத்துக்கொண்டே போகும் கோக் பனித்துகளில் ஒவ்வொரு நிலையிலும் கோடுகள் நான்கு மடங்காகப் பெருகி, ஐந்தாம் நிலையில் 3072 ஆகிவிடும். அப்போது ‘டிரேசர்’ மூலம் அசைவூட்டத்தை நிறுத்தி, முடிவில் ‘அப்டேட்’ கொடுத்தால்தான் படம் பொறுக்கக்கூடிய நேரத்தில் வரும். ஆமை நகர்வதைப் பார்க்கவே முடியாத இந்தக் கட்டத்தில் டர்டிலின் தனிச்சிறப்பு மறைந்துவிடுகிறது. தரவுகளைச் சேர்த்து வைக்கும் லிஸ்ட், டிக்ஷனரி, மற்றும் கோப்பு வாசிப்பு ஆகியவற்றுக்கும் அது பெரிதாக உதவுவதில்லை. படம் அழகாக வருகிறதே என்பதற்காக அவற்றையும் இதிலேயே திணிக்க முயலும் பாடத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றில் மாணவர்கள் வண்ணம் மாற்றுவதிலேயே நேரத்தைக் கழிக்கிறார்கள். பனித்துகள் முடிந்ததும் நான் சாளரத்தை மூடச் சொல்லிவிட்டு, சொற்களையும் எண்களையும் கையாளும் நிரல்களுக்குப் போய்விடுகிறேன்.