ஈக்கு நீல விளக்கு, கொசுவுக்கு பேட்

நீல விளக்குப் பொறி ஈக்குத்தான் சரி. கொசு நம் மூச்சையும் வியர்வை வாடையையும் தேடி வருவது. விளக்கை அவ்வளவாக மதிக்காது. 365 நானோமீட்டர் புற ஊதா ட்யூபா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் நீல எல்இடி அழகுக்குத்தான். ட்யூப் பளிச்சென்று எரிந்தாலும் ஓராண்டில் புற ஊதா வீச்சு குறைந்துவிடும், மாற்றியாக வேண்டும். அடுப்பு மேடைக்கு மேலே மாட்டினால் பொறியின் மின்கம்பியில் பொரிந்த ஈயின் காலும் இறகும் தெறித்துச் சாம்பாரில் விழும். அங்கே ஈ ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை வகைதான்.

கொசு பேட்டில் லித்தியம் பேட்டரி நல்லது. லெட் ஆசிட் பேட்டரி மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் செத்துவிடும். பட்டனை விட்ட பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கலாம். உடனே வலையைத் துடைக்காதீர்கள். ஸ்ப்ரே அடித்த அறையில் பேட் வேண்டாம், தீப்பொறி பட்டால் தீப்பிடிக்கலாம். காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் என்று விற்கும் அல்ட்ராசோனிக் கருவியா? காசுக்குக் கேடு.