நிழல் வீட்டுக்கு எது: பாம்புக் கற்றாழையா, இசட் இசட் செடியா?

பாம்பன், கீழக்கரைப் பக்கம் வெளியே வெயில் கொளுத்தும். உப்புக்காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் வீட்டுக்குள் அரையிருட்டுதான். அந்த மூலையில் வைக்க இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வேன்.

பாம்புக் கற்றாழை, நார் எடுத்துக் கயிறு திரிப்பார்களே, அந்த மருளின் நெருங்கிய சொந்தம். தடித்த இலையிலேயே நீரைச் சேமிக்கும். இசட் இசட் செடியோ மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு வைத்து அதில் சேமிக்கும். நன்றாக இருண்ட அறை என்றால் இசட் இசட்தான் தாக்குப்பிடிக்கும். பாம்புக் கற்றாழையும் சாகாது, ஆனால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும்.

இங்கே உண்மையான தொல்லை தண்ணீர். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதையே ஊற்றிவந்தால் தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்து, இலைநுனி கருகும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடத்தில் பிடித்துவையுங்கள். இரண்டுக்குமே மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அடைமழை மாதங்களில் இன்னும் குறையுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். கடற்கரை மணலைத் தொட்டியில் போடவே கூடாது, ஆற்றுமணல்தான் சரி.

பதியம் போடப் பாம்புக் கற்றாழை சுலபம். மஞ்சள் கரை போட்ட வகையை மட்டும் பக்கக்கன்று பிரித்து நடுங்கள். இலையை வெட்டி நட்டால் வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். இசட் இசட் இலை கிழங்கு கட்டவே மாதக்கணக்காகும்.

இரண்டையுமே கடித்தால் ஆகாது, தவழும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். ஜன்னலோரம் கொஞ்சம் வெளிச்சம் உண்டென்றால் என் ஓட்டு பாம்புக் கற்றாழைக்கே.