டொமைனை மீட்டுத் தருவதாகச் சொல்லி 2,400 டாலரைப் பறித்துவிட்டார்கள், எச்சரிக்கை

எங்கள் நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகச் சின்னமான பெயரில் ஓர் இணைப்புக்குறியை (-) மட்டும் சேர்த்து யாரோ ஒருவர் டாட் காம் டொமைன் ஒன்றை, அதாவது இணைய முகவரியை, பதிவு செய்து, அதில் எங்கள் போட்டியாளர்களின் விளம்பரங்களை ஓடவிட்டு, 'விற்பனைக்கு' என்றும் எழுதி வைத்திருந்தார். அதை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் இணையவழிச் சின்னப் பாதுகாப்பு நிறுவனத்திடம் 2,400 டாலரை இழந்திருக்கிறேன். பெயரை அபகரித்தவரைவிட இவர்கள்மீதுதான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

அவர்கள் தந்த மதிப்பீட்டில் 1,500 டாலர் இத்தகைய டொமைன் தகராறுகளை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்கு, 900 டாலர் தங்களுக்கு என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள். ஒரே நடுவர் விசாரிக்கும் வழக்குக்கு, ஐந்து டொமைன்கள் வரை, அந்த அமைப்பு வாங்கும் கட்டணம் உண்மையிலேயே 1,500 டாலர்தான் என்பதை அதன் தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் அனுப்பினேன். இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் நிறுவனம் 1999இல் ஏற்ற, டொமைன் தகராறுகளுக்கான யுடிஆர்பி விதிகளின்படி, பெயர் நம் சின்னத்தோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருப்பது, எதிர்த்தரப்புக்கு அதில் நியாயமான உரிமை இல்லாதது, தீய நோக்கத்துடன் பதிவு செய்து பயன்படுத்தியது ஆகிய மூன்றையும் நிரூபிக்க வேண்டும் என்று அவர்களுடைய ஆலோசகர் தொலைபேசியில் விளக்கியதிலும் பிழையில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மனு போட்டதாகச் சொன்னது மட்டும் பொய்.

வழக்கு எண்ணைக் கேட்டபோது தங்கள் அலுவலகக் கோரிக்கை எண்ணைக் கொடுத்தார்கள். மீண்டும் கேட்டால் 'வரிசையில் இருக்கிறது', பிறகு 'நடுவர் நியமனம் தாமதமாகிறது', பிறகு 'உங்கள் கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது' என்றார்கள். அதற்குள் அந்த டொமைன் வேறொரு பதிவாளரிடம் (டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனத்திடம்) மாறிவிட்டிருந்தது! மனு வந்துவிட்டால், அமைப்பு விவரம் கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் பதிவாளர் பெயரைப் பூட்டியாக வேண்டும். வழக்கு முடியும்வரை அதை மாற்ற முடியாது. அப்படியிருக்க இது எப்படி மாறியது என்று சந்தேகம் வந்து அமைப்புக்கே எழுதிக் கேட்டேன். அப்படியொரு மனு வரவில்லை என்று பதில் வந்தது. 2,400 டாலரைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அவர்களிடமிருந்து பதிலே இல்லை.

அவசரமாகச் சில வார்த்தைகள். மனுவை நீங்களே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, மாதிரி மனு அந்த அமைப்பின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அமைப்புக்கான கட்டணத்தை இடைத்தரகரிடம் கொடுக்காமல் நேரடியாகச் செலுத்துங்கள். வென்றாலும் பெயரின் மாற்றமோ ரத்தோதான் கிடைக்கும். இழப்பீடும் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். டாட் இன் போன்ற நாட்டுக் குறியீட்டு டொமைன்களில் பலவற்றுக்குத் தனி விதிகள் உண்டு, அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.