தடத்துக்கும் வீட்டுக்கும் ஒரே டயர்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர், காலையில் எந்த டயரில் வருகிறார்களோ அதே டயரில்தான் மாலையில் வீடு திரும்புகிறார்கள். காரை டிரெய்லரில் ஏற்றிவந்து, தனியாக ஒரு செட் சக்கரங்களை இறக்கி மாட்டும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. தடத்துக்கு எந்த டயர் வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் எல்லாரும் பிடிமானத்தைப் பற்றியே கேட்கிறார்கள். திரும்பி வரும் அந்த நாற்பது கிலோமீட்டரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் அந்த நாற்பது கிலோமீட்டரையும் கணக்கில் வைத்தே டயர் வாங்கினேன். இரண்டு ஆண்டுகள், ஐந்து டிராக் நாட்கள், சாலையில் ஏறக்குறைய பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு எழுதும் மதிப்பீடு இது.

என் கார் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020இல் இந்தியாவுக்கென்று 200 கார்கள் மட்டும் ஒதுக்கப்பட்டு விற்ற மாடல். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் இழுவிசை, இவ்வளவும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. பிரேக் பிடிப்பதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது, திருப்புவதும் அவையே. ஆகவே இந்த வகைக் காரில் டயர் என்று பேசினால், பெரும்பாலும் முன் டயர்கள் இரண்டைப் பற்றித்தான் பேசுகிறோம்.

முதன்முறை தடத்துக்குப் போனபோது நெடுஞ்சாலைச் சொகுசுக்காகச் செய்யப்பட்ட டயர்கள் காரில் இருந்தன. அவற்றின் பெயரைச் சொல்வது நியாயமாகாது. அந்த வேலைக்கென்று செய்யப்படாத டயரை நான்தான் அங்கே கொண்டுபோனேன். மூன்றாவது சுற்றிலேயே ஸ்டீயரிங் இளகிவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் காரின் மூக்கு வெளிப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தபோது, இடது முன் டயரின் வெளித்தோளில், அதாவது தரையைத் தொடும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் வெளி ஓரத்தில், ரப்பர் நகத்தளவு துண்டுகளாகப் பிய்ந்து, அடியில் நீலம் கலந்த பளபளப்பு தெரிந்தது. டயர் கடைகளில் பட்டன் என்று சொல்கிறோமே, அந்தக் கட்டைகள் உயரமாகவும் மென்மையாகவும் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவை பக்கவாட்டில் வளைந்து நிமிர்கின்றன. அந்த அசைவே வெப்பமாகிறது. வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் ரப்பர் தன் பிடியை இழந்து, அதன்பிறகு கிழியத் தொடங்குகிறது. சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் வராத சூடு, 3.717 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு திருப்பங்களும் கொண்ட இந்தத் தடத்தில் மூன்று சுற்றுகளுக்குள் வந்துவிடுகிறது.

அடுத்து வாங்கியவைதான் 225/40 ஆர்18 அளவிலான பைலட் ஸ்போர்ட் 4 எஸ். பெயரில் பலருக்குக் குழப்பம் வருவதால் முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பைலட் ஸ்போர்ட் 4 வேறு, 4 எஸ் வேறு. 2022இல் வந்த பைலட் ஸ்போர்ட் 5 என்பது 4க்கு அடுத்தது. எண் பெரிது என்பதால் அது 4 எஸ்ஸைவிட மேலான டயர் ஆகிவிடாது. 2017இல் சந்தைக்கு வந்த 4 எஸ், வேகக் கார்களுக்கான சாலை டயர் வரிசையில் இவ்விரண்டுக்கும் மேல் படியில் நிற்கிறது. இதற்கும் மேலே, போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்கள் தொழிற்சாலையிலிருந்தே போட்டுக்கொண்டு வரும் பைலட் ஸ்போர்ட் கப் 2 இருக்கிறது. அது தடத்தை முதலாகவும் சாலையை இரண்டாவதாகவும் நினைத்துச் செய்யப்பட்டது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் தேய்மான எண்ணைப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும்: 4 எஸ்ஸில் 300, முதலில் வந்த கப் 2வில் 180. எண் குறைந்தால் ரப்பர் விரைவில் தேயும் என்று பொருள். ஆனால் இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே இட்டுக்கொள்கிறது. எனவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அதை நம்பலாம், ஒரு நிறுவனத்தின் 200ஐயும் இன்னொன்றின் 200ஐயும் சமமாகக் கொள்ளக் கூடாது.

4 எஸ்ஸின் முகப்பில், அதாவது தரையைத் தொடும் பரப்பில், இரண்டு வகை ரப்பர் இருக்கிறது. திருப்பத்தில் பாரம் தாங்கும் வெளிப்பக்கத்தில் உலர்ந்த தரைக்கான கலவை. உட்பக்கத்தில் ஈரத்தில் பிடிப்பதற்காக சிலிக்கா கலந்த கலவை. வெளித்தோளின் கட்டைகள் அகலமாகவும் ஒன்றையொன்று தாங்குமாறு நெருக்கமாகவும் இருப்பதை விரலால் அழுத்திப் பார்த்தாலே உணரலாம். என் பழைய டயரின் தோள் பெருவிரலுக்கு வளைந்து கொடுத்தது, இது கொடுக்கவில்லை.

தடத்தில் இந்த டயரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிடிமானத்தின் அளவு அல்ல. பிடியை விடப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே, அந்த நேர்மைதான். வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஒரு நீண்ட திருப்பத்தில் போகும்போது முதலில் தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் கேட்கிறது. அது உயர்ந்து கீச்சொலியாக மாறும் வேளையில் ஸ்டீயரிங்கின் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினால் மூக்கு மறுபடியும் உள்ளே வருகிறது. இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே யோசிக்க நேரம் கிடைக்கிறது. நண்பர் ஒருவரின் காரில், ஏறக்குறைய இதே அளவிலான செமி ஸ்லிக் டயர்களில் (பள்ளங்கள் குறைந்த, தடத்துக்கென்றே செய்த டயர்கள்) ஒரு மதியம் ஓட்டிப் பார்த்தேன். அதன் பிடிமானம் உண்மையிலேயே வேறு உலகம். பிரேக் மிதிக்கும் இடத்தையே இன்னும் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அது ஏறக்குறைய மௌனமாகவே பிடித்துக்கொண்டிருந்தது, விடும்போதும் அதிகம் சொல்லாமலே விட்டது. பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவருக்கு அது குறையாகாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் தடத்துக்கு வரும் என்னைப் போன்றவருக்கு, தவறு நேரும்போது குறைந்த வேகத்தில் நேர்வதும், எச்சரிக்கையோடு நேர்வதுமே நல்லது. பிடிமானம் கூடக்கூட பிரேக்கின் சூடும் கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிப் பழையதாகிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். டயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிரேக் எண்ணெயோடு தடத்தில் இறங்குவது ஆபத்து.

இதே டயரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, "நாலு சுற்றுக்கு மேல் வழுக்குகிறது" என்று வருந்துகிற சிலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அங்கே பிழை காற்றழுத்தத்தில் இருக்கிறது. முதல் நாள் நானும் சாலைக்கு வைக்கும் 33 பிஎஸ்ஐயோடு இறங்கினேன். ஐந்து சுற்றுகள் முடிந்து உள்ளே வந்ததும் அளந்தால் முன் டயர்களில் 42. டயருக்குள் இருக்கும் காற்று பத்து டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ உயரும். அறுபது டிகிரி ஏறினால் ஒன்பது. இவ்வளவு உப்பிய டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையை நன்றாகத் தொடுகிறது. அந்தக் குறுகிய பட்டை மேலும் சூடாகி வழுக்குகிறது. சூடாக இருக்கும்போதே 36க்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டியபோது, முன்பு நான்காவது சுற்றில் காணாமல் போன மூக்கு எட்டாவது சுற்றிலும் சொன்ன பேச்சைக் கேட்டது. நைட்ரஜன் அடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை என்று சொல்வார்கள். நைட்ரஜனும் சூட்டில் விரிவடையும் வாயுதான். அதில் ஈரம் இல்லாததால் அழுத்தம் ஒரே சீராக உயரும் என்பது மட்டுமே அதன் பயன்.

36 சரியா, 38 சரியா என்பதை அறிய ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே மூன்று கோடுகள் போட்டுவிட்டு நான்கு சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். மிஷெலின் டயர்களில் தோளின் ஓரத்தில், தேய்மான அடையாளம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக, அந்த நிறுவனத்தின் குண்டு மனிதன் உருவம் சிறியதாகப் பதிக்கப்பட்டிருக்கும். சாக்பீஸ் கோடு அந்த உருவத்தின் அருகே வரை அழிந்திருந்தால் அழுத்தம் சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவருக்குள் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. தோளிலேயே கோடு மிச்சமிருந்தால் காற்று அதிகம். என் காரில் முன்னே 36, பின்னே 37 என்று சூட்டு அழுத்தம் நின்றபோது கோடு சரியான இடத்தில் அழிந்தது. உங்கள் காரின் எடைக்கும் சக்கரச் சாய்வுக்கும் ஏற்ப இது மாறும். மாலையில் ஒன்றை மறக்கவே கூடாது: சூட்டில் 36 வைத்த டயர் ஆறியதும் 28க்கு அருகில் வந்து நிற்கும். அதை 33க்கு ஏற்றாமல் நெடுஞ்சாலையில் இறங்கக் கூடாது. சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய காற்றுப் பம்பை டயரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

தேய்மானம் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. என்றாலும் சமமாகவும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பங்கள் மிகுதியோ அதற்கு எதிர்ப்பக்க முன் டயர்தான் அடிபடும். என் காரில் அது இடது முன் டயர். தொழிற்சாலை வைத்த சக்கரச் சாய்வை நான் மாற்றவில்லை என்பதால் வெளித்தோள் முதலில் தேய்கிறது. இங்கே இந்த டயரின் ஒரு குணம் கைகொடுக்கிறது. இதற்கு உள், வெளி என்ற பக்கம் உண்டே தவிர, உருளும் திசை என்ற கட்டுப்பாடு இல்லை. ஆகவே டயரை ரிம்மிலிருந்து கழற்றாமலே, சக்கரத்தோடு இடதை வலதுக்கும் முன்னதைப் பின்னதுக்கும் மாற்றலாம். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் அப்படி மாற்றியதால்தான் நான்கிலும் இன்னும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டன் மிச்சமிருக்கிறது. 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்தின் எல்லை. மழைக்கு அதை நம்பக் கூடாது.

மழையைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவு பெறாது. போன ஐப்பசியில் ஒரு நாள் பகலெல்லாம் வெயிலில் ஓட்டிவிட்டுப் புறப்பட்டபோது, தண்டலம் தாண்டுவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இடது ஓரத் தடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். முன்னால் போன லாரி வாரியடித்த நீரில் வைப்பர் எதையும் காட்டவில்லை. அறுபதுக்குக் குறைத்து ஓட்டினேன். தேங்கிய நீருக்குள் இறங்கிய ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங்கில் ஓர் இழுப்பு வந்ததே தவிர, கார் ஒருமுறையும் மிதக்கவில்லை. பள்ளங்கள் குறைவான செமி ஸ்லிக் டயரோடு அந்தச் சாலையில் இருந்திருந்தால், ஏதாவது ஓர் உணவகத்தில் ஒதுங்கி மழை விடும்வரை காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்திருக்காது.

வாங்குவது பற்றி. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, இத்தகைய டயர்களில் நினைத்த அளவு நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. அதனால் கடையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற வற்புறுத்தல் வரும். நான் முதலில் போன கடையில் காட்டிய நான்கில் இரண்டு, தயாரித்து இரண்டரை ஆண்டுகள் ஆனவை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்துவிடுங்கள். 2323 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கும் ஒரே காலத்தவையாக இருப்பது தடத்துக்கு முக்கியம். எனக்கு எல்லாக் கூலியும் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால் இப்போது கேட்பவர்கள் புதிய விலையைக் கேட்க வேண்டும். பொருத்தியவர் காற்றுத் துப்பாக்கியால் போல்ட்டுகளை முடுக்கிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது ஒன்று கையாலேயே திருகும் அளவுக்குத் தளர்வாகவும் மற்றொன்று கழற்றவே முடியாத இறுக்கமாகவும் இருந்தன. இந்தக் காருக்கு வேண்டிய இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். தடத்தில் இறங்கும் முன்னும், முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறிய பின்னும் அதைச் சரிபார்ப்பதை நான் விடுவதில்லை.

தனியாக இரண்டாவது செட் ரிம் வைத்திருப்பவரும், நொடிக்கணக்கைக் குறைப்பதே நோக்கமாக வருபவரும் இந்த டயரை வாங்க வேண்டியதில்லை; அவர்களுக்கு கப் 2 அல்லது அந்த வகையில் வேறொன்று பொருந்தும். 15, 16 அங்குலச் சக்கரம் கொண்ட சிறிய கார்களுக்கு 4 எஸ் அளவே கிடையாது. மற்றபடி, பட்டன் சட்ட எல்லைக்கு மேலேயே இருந்தாலும் மழையை எண்ணி, என் காரில் இந்த மழைக்காலத்துக்குள் முன் டயர்கள் இரண்டையும் மாற்றியாக வேண்டும். அதே 225/40 அளவில் இதே டயருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் தயாரிப்பு வாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.