ஸ்லைசர் பில்ட் பண்ண எது சரி: விஷுவல் ஸ்டூடியோவா, டபிள்யூஎஸ்எல்லா, தனி உபுண்டுவா?

த்ரீடி ஸ்லைசர், அதான் சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ படத்தையெல்லாம் முப்பரிமாணத்துல பாத்து அளந்து வெட்டி ஒட்டுற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதை ஒரே டெஸ்க்டாப்ல மூணு வழில சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணிப் பாத்துட்டேன், அதாவது கோடை நானே கம்பைல் பண்ணி ஓடுற சாஃப்ட்வேரா ஆக்கிப் பாத்துட்டேன். எட்டு கோர் மெஷின், ரேம் முதல்ல 16 ஜிபி, அப்புறம் கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற சிம் லிம் போய் இன்னொரு 16 வாங்கிப் போட்டேன், ஏன்னு கீழ வரும். இடம் சிங்கப்பூர் ஈசூன்ல ஒரு வீவக வீட்டு பெட்ரூம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பைத்தான்ல சின்னதா ஒரு மாட்யூல் எழுதணும், அவ்வளவுதான் வேலைன்னா சோர்ஸ் பக்கமே வராதீங்க, ரெடியா இருக்குற இன்ஸ்டாலரை இறக்கி அதுலயே எழுதிக்கலாம். என் அத்தை பொண்ணு பாலிடெக்னிக் ப்ராஜெக்டுக்காக ரெண்டு வாரம் இதோட மல்லுக்கட்டினா, கடைசில பாத்தா அவளுக்கு வேண்டியது நாப்பது வரி பைத்தான். சி பிளஸ் பிளஸ்ல கைவைக்கணும், இல்ல டீபக்கர் போட்டு உள்ள எங்க விழுதுன்னு பாக்கணும்னா மட்டும் மேல படிங்க.

ஸ்லைசர் ஒரு கூட்டுக்குடும்பம் மாதிரி. சூப்பர்பில்டுன்னு ஒண்ணு இருக்கு, அது ஸ்லைசருக்கு வேண்டிய விடிகே, ஐடிகே, சிடிகே, டிசிஎம்டிகேங்கிற லைப்ரரிங்க, பைத்தான்னு ஒவ்வொண்ணா நெட்ல இருந்து இறக்கி பில்ட் பண்ணிட்டு, எல்லாரும் வந்து உக்காந்த அப்புறம்தான் ஸ்லைசரையே தொடும். இதையெல்லாம் நடத்துற சிமேக்கும் ஐடிகே ப்ராஜெக்டுக்காகப் பொறந்ததுதான், எந்த ஓஎஸ்ஸா இருந்தாலும் ஒரே மாதிரி பில்ட் ஆகணும்னு 2000 வாக்குல கிட்வேர் கம்பெனி ஆளுங்க எழுதுனாங்க. நல்லா ஓடுற வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. உடையறப்பதான் மூணும் மூணு குணத்தைக் காட்டுது, அதனால எது வேகம்னு பாக்குறத விட எது எப்படி உடையுதுன்னு பாத்தா சீக்கிரம் முடிவுக்கு வந்துடலாம்.

விண்டோஸ்ல விஷுவல் ஸ்டூடியோ வழி. இங்க முதல் அடி ஃபோல்டர் பேருலயே விழும். விண்டோஸ்ல ஃபைல் பாத் நீளத்துக்கு 260 எழுத்துன்னு ஒரு பழைய வரம்பு இருக்கு, சூப்பர்பில்ட் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு போயிட்டே இருக்கும், நான் டாக்குமெண்ட்ஸுக்குள்ள அழகா பேர் வச்சுப் போட்டிருந்தேன், நடுராத்திரி ஃபைல் இல்லன்னு எரர் வருது, போய்ப் பாத்தா ஃபைல் அங்கயேதான் உக்காந்திருக்கு. ஸ்லைசர் கைடே சி டிரைவ்ல ஒத்தை எழுத்து ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வைன்னுதான் சொல்லுது, நான்தான் படிக்கல. அடுத்தது, டீபக் பில்டையும் ரிலீஸ் பில்டையும் இங்க கலக்க முடியாது, ரெண்டும் வேற வேற ரன்டைம் லைப்ரரி, அதனால ரெண்டு ஃபோல்டர், ரெண்டு முழு பில்ட், டிஸ்க்ல ரெண்டு மடங்கு இடம். ஜன்னல், பட்டனெல்லாம் வரையுற க்யூட்டி லைப்ரரியை தனியா அதோட இன்ஸ்டாலர்ல போய் அக்கவுண்ட் எல்லாம் தொறந்து எடுக்கணும், அதுல வெப் பக்கம் காட்டுற வெப்எஞ்சினை டிக் பண்ண மறந்தா திரும்பவும் முதல்ல இருந்து. விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் வேற, பில்ட்ல பொறக்குற ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலை ஒவ்வொண்ணா மோந்து பாக்கும், பில்ட் ஃபோல்டரை மட்டும் அதுல விலக்கி வைங்க, வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு திட்டினாலும், எல்லாம் பில்ட் ஆகி முடிஞ்ச அப்புறம் விஷுவல் ஸ்டூடியோ டீபக்கரை அடிச்சுக்க ஆளே இல்ல. ஒரு வேரியபிளுக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு பாக்குற அந்த சொகத்தை லினக்ஸ் பக்க டீபக்கர் ஜிடிபி எனக்கு இன்னிக்கு வரைக்கும் குடுக்கல.

டபிள்யூஎஸ்எல் டூ, அதாவது விண்டோஸுக்குள்ளயே உபுண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஒரே ரொட்டில ரெண்டு பக்கமும் வெண்ணெய். ஆனா இது மெஷின் ரேம்ல பாதியத்தான் தானா எடுத்துக்கும், என்கிட்ட அப்ப 16, அதனால உள்ள இருந்தது 8, எட்டு வேலைய ஒரே நேரத்துல ஓட விட்டேன், ஐடிகே டெம்ப்ளேட் கோடு ரேமை குடிக்கிற குடிக்கு கம்பைலரையே கெர்னல் போட்டுத் தள்ளிடுச்சு. ஸ்கிரீன்ல வந்தது ‘கில்ட்’ன்னு ஒத்தை வார்த்தை. காரணமும் கிடையாது, வரி நம்பரும் கிடையாது. ஒரு ராத்திரி முழுக்க என் கோடுல தப்புன்னு நினைச்சுத் தேடினேன் லா. கான்ஃபிக் ஃபைல்ல ரேமை ஏத்தி வேலையை மூணாக் குறைச்சதும் ஓடுச்சு, சிம் லிம் பயணமும் அந்த வாரம்தான். சோர்ஸை சி டிரைவ் பக்கம் வச்சு லினக்ஸ்ல இருந்து பில்ட் பண்ற தப்பையும் பண்ணாதீங்க, நத்தை தோத்துடும், லினக்ஸ் பக்க ஹோம் ஃபோல்டர்லயே வைங்க.

தனி எஸ்எஸ்டில உபுண்டு 22.04. இங்க க்யூட்டி உபுண்டுவோட பேக்கேஜ் மேனேஜர் ஆப்ட்லயே வந்துடுது, அக்கவுண்ட் கிக்கவுண்ட் ஒண்ணும் வேண்டாம், ரேம் முழுசும் நமக்கு, பாத் நீளம்னு ஒரு கவலையே இல்ல. எரர் வந்தா எந்த ஃபைல் எந்த வரின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லும், ஆனா எட்டு வேலை ஒண்ணா ஓடுறப்ப அது ஆயிரம் வரிக்கு மேல போய் ஒளிஞ்சுக்கும், அப்ப ஒத்தை வேலையா திரும்ப ஓட விட்டா நேரா அங்க போய் நிக்கும். இந்த தந்திரம் மூணு வழிக்கும் பொருந்தும்.

இதுலயும் ஒரு கோளாறு இருக்கு, நம்ம ஊருக்காரங்களுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி. விண்டோஸ் போர்டு கடிகாரத்துல உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்னு படிக்கும், நமக்கு எட்டு மணி நேரம் வித்தியாசம். ஒரு நாள் வைஃபை வர்றதுக்கு முன்னாடியே பில்டை தட்டி விட்டேன், ஃபைலுக்கெல்லாம் எட்டு மணி நேரம் கழிச்சு வரப்போற நேரம் பதிஞ்சுடுச்சு, அப்புறம் நெட் வந்து கடிகாரம் சரியானதும் பில்டை ஓட்டுற ‘மேக்’ கமாண்ட் குழம்பிப்போய் ஃபைல் எதிர்காலத்துல இருக்கு, பில்ட் அரைகுறையா இருக்கலாம்னு புலம்புது. டைம்டேட்சிடிஎல்ல ஒரு கமாண்ட் போட்டு லினக்ஸையும் உள்ளூர் நேரம் படிக்க வச்சேன், தீந்துச்சு.

சூட்டையும் சொல்லணும், எட்டு கோரும் மணிக்கணக்கா கொதிக்கும், ஜன்னல் பக்கமே 31 டிகிரின்னா கேஸுக்குள்ள கேக்கவே வேண்டாம். ராத்திரி 11 மணிக்கு மேல தட்டி விட்டுட்டுப் படுத்துடறேன். நல்ல வேளை, முழு பில்ட் ஒரு தடவைதான், அதுக்கப்புறம் உள்ள இருக்குற ஸ்லைசர்-பில்ட் ஃபோல்டர்ல மட்டும் பில்ட் பண்ணா தேத்தண்ணி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.

ஃபிஜி, அதான் மைக்ராஸ்கோப் படங்களுக்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதை பில்ட் பண்றவங்க இதையெல்லாம் படிச்சு சிரிச்சா சிரிச்சுக்கோங்க, உங்களுது ஜாவா, மேவன்ங்கிற பில்ட் டூல்ல ஒரு தட்டு.

இப்ப என் தினசரி வேலை உபுண்டு எஸ்எஸ்டிலதான். விண்டோஸ் பக்கம் ஒரே ஒரு டீபக் பில்ட் மட்டும் ஒத்தை எழுத்து ஃபோல்டர்ல இருக்கு, உபுண்டுல பிடிபடாத கிராஷ் வந்தா மட்டும் அங்க போவேன். டபிள்யூஎஸ்எல்ல பில்ட் ஃபோல்டரை அழிச்சும் அதோட டிஸ்க் ஃபைல் ஊதினது ஊதினபடியே நின்னுச்சு, கடைசில மொத்தமா கழட்டினப்பதான் சி டிரைவுக்கு மூச்சு வந்துச்சு.