டாக்கர் பில்டுக்கு ப்ராக்ஸி: மூன்று வழிகளில் எது தேறும்?

ப்ராக்ஸிக்குப் (இணையத்துக்கு இடையில் நிற்கும் இடைநிலை சேவையகம்) பின்னால் உள்ள வலையமைப்பில் டாக்கர் இமேஜ் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் அடக்கிய தொகுப்பு) ஒன்றை பில்ட் செய்யும்போது, அடிப்படை இமேஜ் சிக்கலின்றி இறங்கிவிட, டாக்கர்ஃபைலின் (பில்ட் வழிமுறைகளை எழுதும் கோப்பு) அடுத்த வரியில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கட்டளை மட்டும் இணைப்புக் கிடைக்காமல் நின்றுவிடுவது பலருக்கும் பழகிய காட்சி. இமேஜை இறக்குவது பின்னணியில் இயங்கும் டாக்கர் சேவையான டீமன். ஆப்ட் போன்றவற்றை இயக்கும் ரன் கட்டளைகள் நிறைவேறுவதோ தற்காலிகக் கண்டெய்னருக்குள் (இமேஜிலிருந்து இயங்கும் தனித்த சூழல்). டீமனுக்கான ப்ராக்ஸியை லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி வழியாகவோ, டாக்கர் எஞ்சின் 23.0 முதல் டீமன்.ஜேசன் கோப்பிலோ எழுதலாம் என்றாலும், அது ரன் கட்டளைகளுக்குப் போய்ச் சேராது. ஆகவே அதைப் போட்டியில் சேர்க்காமல், கண்டெய்னருக்குள் ப்ராக்ஸியைக் கொண்டுசேர்க்கும் மூன்று வழிகளை மட்டும் ஒப்பிடுகிறேன்.

டாக்கர்ஃபைலில் என்வ் (சூழல் மாறியை அமைக்கும்) வரியாக எழுதுவது எளிது. அதைத் தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்த மதிப்பு இமேஜிலேயே பதிந்துவிடுவதால், வேறொரு வலையமைப்பில் இயங்கும்போதும் செயலி பழைய ப்ராக்ஸியையே தேடிக்கொண்டிருக்கும். முகவரியோடு கடவுச்சொல்லும் சேர்ந்திருந்தால், இமேஜ் கிடைக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம். பின்னால் ஒரு வரியில் மதிப்பைக் காலியாக்கினாலும் இமேஜ் வரலாற்றில் அது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வழி, பயனரின் கோப்புறையிலுள்ள கான்ஃபிக்.ஜேசன் கோப்பு. டாக்கர் 17.07 முதல் உள்ள இந்த வசதியில் ஒருமுறை எழுதிவிட்டால் ஒவ்வொரு பில்டுக்கும் ப்ராக்ஸி தானாகச் சென்றுவிடும். ஆனால் பில்டுக்கு மட்டுமன்றி, அந்தப் பயனர் புதிதாகத் தொடங்கும் எல்லாக் கண்டெய்னர்களுக்கும் அது சென்றுவிடுகிறது. ப்ராக்ஸி தேவையில்லாத முகவரிகளின் நோ_ப்ராக்ஸி பட்டியல் சரியாக இல்லையெனில், பக்கத்துக் கண்டெய்னருக்கு அனுப்பிய எச்டிடிபி கோரிக்கைகூட ப்ராக்ஸி வழியாகப் போய்த் தோற்கும்.

மூன்றாவதான பில்ட்-ஆர்க், அதாவது பில்ட் கட்டளையோடு மதிப்பை அனுப்புவது, ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டிய நீளமான வழி என்றாலும், என் தேர்வு இதுவே. ப்ராக்ஸி மாறிகள் டாக்கரில் முன்பே வரையறுக்கப்பட்டவை என்பதால் டாக்கர்ஃபைலில் அவற்றை அறிவிக்கத் தேவையில்லை. அறிவிக்காதவரை அவற்றின் மதிப்பு இமேஜ் வரலாற்றில் பதியாது, முகவரி மாறினாலும் கேஷ் (முந்தைய பில்டிலிருந்து சேமித்தவை) கெடாது. ஒழுங்காக எழுதும் எண்ணத்தில் ஒருவர் அவற்றை அறிவிக்கும் ஆர்க் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டால், இந்த இரண்டு பாதுகாப்புகளும் போய்விடும். எழுத்து வடிவத்திலும் கவனம் தேவை: எச்டிடிபி_ப்ராக்ஸி என்பதன் பெரிய எழுத்து வடிவத்தை இணையக் கோரிக்கைகளை அனுப்பும் கர்ல் கருவி வேண்டுமென்றே புறக்கணிப்பதால், சிறிய எழுத்து வடிவத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

ப்ராக்ஸியே 127.0.0.1 முகவரியில், அதாவது அதே கணினியில், இருந்தால் மூன்று வழிகளும் ஒருசேரத் தோற்கும். கண்டெய்னருக்குள் அந்த முகவரி கண்டெய்னரையே குறிக்கும். லினக்ஸில் ஹோஸ்ட் நெட்வொர்க்கை (கணினியின் சொந்த வலையமைப்பை) கொண்டு பில்ட் செய்வது இதற்கு நேரடித் தீர்வு.