லூவன் நூலகக் கோபுரம்: முட்டி தாங்கினால் ஏறுங்கள்

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வருகிறவர்கள் சாக்லேட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், ரயிலில் அரை மணி நேரத்தில் லூவன் என்ற பல்கலைக்கழக ஊர் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 1425-இல் போப் ஐந்தாம் மார்ட்டின் ஆணையில் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு 2025-இல் 600 வயது, அதைச் சாக்காக வைத்துத்தான் நானும் போனேன். அதன் நூலகக் கோபுரம் ஏற டிக்கெட் உண்டு, படிகள் ஏறக்குறைய 300, பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. ஆனால் நடுநடுவே கண்காட்சி இருப்பதால் படிக்கிற சாக்கில் நின்றுகொள்ளலாம்!

1914-இல் ஜெர்மன் படை பழைய நூலகத்தைக் கொளுத்தியதும், அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் காசு சேர்த்து இந்தக் கட்டடத்தை எழுப்பியதும், 1940-இல் இதுவும் எரிந்ததும் அங்கேதான் விவரமாகப் புரிந்தது. காசு கொடுத்த பள்ளிகளின் பெயர்களை வெளிச்சுவர்க் கற்களிலேயே செதுக்கியிருக்கிறார்கள், நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுவதுபோல. அப்புறம் 1968-இல் டச்சு பேசுகிறவர்களுக்கும் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கும் வந்த மொழிச் சண்டையில் பல்கலைக்கழகமே இரண்டாகி, புத்தகங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்துப் பிரித்துக்கொண்டார்களாம். பாகப்பிரிவினை என்றால் இது!

உச்சியில் காற்று பிய்க்கிறது, குல்லா எடுத்துப்போங்கள். பக்கத்துக் கடையில் குடித்த காபி மட்டும் வெந்நீர்தான்.